குழந்தையின் எலும்பிலும் பூனையின் உதட்டிலும்: ஈசினோபிலிக் கிரானுலோமாவுக்கு எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

ஈசினோபிலிக் கிரானுலோமா (ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்த கட்டி) என்ற பெயர் ஒரு குழந்தையின் எலும்புத் திசு அறிக்கையிலும் வரலாம். மேலுதட்டில் புண் வந்த வீட்டுப் பூனையின் மருத்துவச் சீட்டிலும் வரலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேழ்வரகும் நிலக்கடலையும் மூட்டையாக அடுக்கிய வீடுகளிலும், பட்டுப்புழு வளர்க்கும் மனைகளின் பக்கத்திலும், எலித் தொல்லைக்காகவே பூனை வளர்க்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் இந்தப் பெயர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலில் எழும் கேள்வி, பூனையை வைத்துக்கொள்வதா, வேறெங்காவது கொண்டுபோய் விடுவதா என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை எளிது: இந்த நோய்க்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. பூனையின் நோய் மனிதருக்குத் தொற்றாது, மனிதரின் நோய் பூனையிடமிருந்து வருவதில்லை, இரண்டுக்கும் அடிப்படையும் ஒன்றல்ல. உண்மையில் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவை வேறு சில. குழந்தைக்கு, திசு ஆய்வுக்கு முன்பே மருந்தைத் தொடங்கலாமா என்பதும், நோய் உறுதியான பிறகு காத்திருப்பதா, சுரண்டி எடுப்பதா, ஊசி மருந்துக்குப் போவதா என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டும். பூனைக்கு, ஒரே ஊசியில் புண்ணை அடக்குவதா, அல்லது காரணத்தைத் தேடிச் சில வாரங்கள் செலவழிப்பதா என்பதே பெரிய கேள்வி. குழந்தையின் விஷயத்தில் திசு ஆய்வை முதலில் வைக்க வேண்டும், பூனையின் விஷயத்தில் தெள்ளுப்பூச்சி ஒழிப்பை முதலில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையே இக்கட்டுரை சொல்கிறது.

இரு நோய்களுக்கும் பொதுவாக இருப்பது ஈசினோபில் என்ற வெள்ளணு. 1879-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், ஈசின் என்ற சாயத்தில் சிவந்து தெரியும் இந்த அணுக்களைத் தனியாக அடையாளம் கண்டார். குடற்புழுக்களை எதிர்ப்பதிலும் ஒவ்வாமையிலும் இவை முன்னணியில் நிற்கின்றன. நம் ஊர்களில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈசினோபில் 8 சதவீதம் என்று பார்த்தவுடனே ‘ஈசினோபிலியா இருக்கிறது’ என்று கவலைப்படும் பழக்கம் பரவலாக உண்டு. சதவீதத்தை மட்டும் பார்ப்பது போதாது. மொத்த வெள்ளணு 5,000 ஆக இருந்து அதில் 8 சதவீதம் ஈசினோபில் என்றால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 400 மட்டுமே இருக்கிறது என்று பொருள். 500 வரை இயல்பு என்றே கொள்ளப்படுகிறது. மொத்தம் 12,000 ஆக இருந்து அதே 8 சதவீதம் என்றால் 960 ஆகிறது. அப்போது காரணம் தேட வேண்டும்.

அப்படித் தேடும்போது, குழந்தைக்கு வரும் ஈசினோபிலிக் கிரானுலோமா அந்தக் காரணங்களின் பட்டியலில் பொதுவாக இருப்பதே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்நோயில் ஈசினோபில்கள் எலும்புக்குள் இருக்கும் கட்டியில் குவிந்திருக்குமே தவிர, ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே ரத்தத்தில் ஈசினோபில் கூடியிருக்கும் ஒரு பள்ளிக் குழந்தைக்கு முதலில் நினைக்க வேண்டியவை, வெறுங்காலுடன் வயலில் நடப்பதால் வரும் கொக்கிப்புழு, பிற குடற்புழுக்கள், ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை, யானைக்கால் நோயின் புழுவால் வரும் நுரையீரல் ஈசினோபிலியா ஆகியவையே. கடைசியாகச் சொன்னதன் ஆரம்பகால விவரிப்புகளில் ஒன்று, கிருஷ்ணகிரியின் ஆந்திர எல்லைக்கு அப்பால், மதனப்பள்ளி அருகிலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்திலிருந்து 1940-இல் ஃப்ரிமோட்-மோல்லர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள் எழுதியது. காசநோய் போலத் தோன்றி, காசநோயாக இல்லாத நோயாளிகளை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அதே 1940-இல் அமெரிக்காவில் லிக்டென்ஸ்டைன், ஜாஃபே என்ற இருவர் எலும்பில் வரும் ஈசினோபிலிக் கிரானுலோமாவை அப்பெயராலேயே விவரித்தனர் என்பது தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் எதையும் காசநோய் என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இரண்டுக்கும் பொருந்துகிறது. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

குழந்தைக்கு வரும் நோய்

மனிதரில் இந்நோயின் இன்றைய பெயர் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்பது. எலும்பில் மட்டும் வரும் ஈசினோபிலிக் கிரானுலோமாவையும், அதன் பல உறுப்பு வடிவங்களாக முன்பு தனித்தனிப் பெயர்களில் அறியப்பட்ட நோய்களையும் 1953-இல் லிக்டென்ஸ்டைன் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார். 1987-இல் இன்றைய பெயர் நிலைபெற்றது. 2010-இல் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளின் கட்டி அணுக்களில் பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, இது வெறும் அழற்சி அல்ல, எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும் அணுக்களின் கட்டுமீறிய பெருக்கம் என்ற பார்வை உறுதியானது. ஈசினோபில்கள் இங்கே வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். குற்றவாளி, தோலில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் என்ற நோயெதிர்ப்பு அணுவைப் போன்ற இன்னொரு அணு. இது ஓர் அரிய நோய்: ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருவதாக மதிப்பிடப்படுகிறது.

பெரும்பாலும் மண்டையோடு, தாடை, விலா, இடுப்பு, தொடை எலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றில் ஓரிடத்தில் வலியும் மெதுவான வீக்கமும் தோன்றும். எக்ஸ்ரேயில் எலும்பில் துளையிட்டதுபோல் ஓர் ஓட்டை தெரியும். முதுகெலும்பில் வந்தால் அந்த எலும்பு தட்டையாக நசுங்கிவிடும். தாடையில் வந்தால் பற்கள் பிடிப்பில்லாமல் ஆடும். காதில் சீழ் மீண்டும் மீண்டும் வடிவதும், தலையில் பொடுகு போன்ற சொறி நீங்காமல் இருப்பதும், குழந்தை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, இரவில் பலமுறை சிறுநீர் கழிப்பதும் இந்நோயின் அடையாளங்களாக இருக்கலாம். தண்ணீர் தாகத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டால் இது வரும், சர்க்கரை நோயோடு இதற்குச் சம்பந்தமில்லை. கண்குழி, காதைச் சுற்றிய எலும்பு, மண்டையோட்டின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் நோய் இருந்தால் இந்த அபாயம் கூடுகிறது. ஆகவே பெற்றோர் மருத்துவரிடம் போகும்போது, குழந்தை ஒரு நாளில் எத்தனை லோட்டா தண்ணீர் குடிக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டு போவது மிகவும் பயன்படும்.

முதல் தீர்மானம்: திசு ஆய்வா, நேரடி மருந்தா?

விலாவிலோ முதுகெலும்பிலோ ஓட்டை தெரிந்தால் நம் பகுதியில் காசநோய் என்ற எண்ணம் வருவது இயல்பு. உண்மையிலேயே எலும்புக் காசநோய் இங்கே அரிதல்ல. ஆனால் எக்ஸ்ரேயில் இதே தோற்றம் தரக்கூடியவை இன்னும் பல உண்டு: எலும்புச் சீழ், யூயிங் சார்க்கோமா என்ற எலும்புப் புற்றுநோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவை அவற்றுள் சில. மாத்திரையைத் தொடங்கிப் பார்த்துவிடலாம் என்ற வழியின் கவர்ச்சி, அறுவை அறைக்குப் போக வேண்டாம் என்பதுதான். அதன் விலை பெரியது. காசநோய் மருந்து பல மாதங்கள் நீளும். ஈசினோபிலிக் கிரானுலோமா சிலருக்குத் தானாகவே ஆறும் தன்மையுடையது என்பதால், ஆறினால் மருந்தால்தான் ஆறியது என்ற தவறான முடிவும், ஆறாவிட்டால் மருந்துக்கு அடங்காத காசநோய் என்ற இன்னொரு தவறான முடிவும் வரும். உண்மையில் யூயிங் சார்க்கோமாவாக இருந்தால் இழக்கும் மாதங்களைத் திருப்பிப் பெற முடியாது. திசு ஆய்வு முடிவதற்கு முன் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். லிம்போமா போன்ற நோயின் அடையாளங்களை அது மறைத்துவிடும்.

திசு ஆய்வில் சி.டி.1ஏ, லாங்கரின் என்ற இரு குறியீடுகளைச் சாயமிட்டுப் பார்ப்பதால்தான் நோய் உறுதியாகிறது. இந்தச் சாயப் பரிசோதனை எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு: எடுத்த திசு பாரஃபின் மெழுகுக் கட்டியாகப் பதப்படுத்தி வைக்கப்படுகிறது, அந்தக் கட்டியை மட்டும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும், குழந்தையைத் திரும்ப அறுக்க வேண்டியதில்லை. கட்டியைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதை அறிந்து, அதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது தீர்மானம்: காத்திருப்பதா, கைவைப்பதா?

நோய் உறுதியானதும் உடலெங்கும் எலும்புகளை எக்ஸ்ரே எடுத்து, வயிற்றை ஸ்கேன் செய்து, ரத்தத்தையும் ஈரல் செயல்பாட்டையும் பார்த்து, நோய் ஓரிடத்தில் மட்டும் இருக்கிறதா, பல இடங்களில் இருக்கிறதா என்று முடிவு செய்கிறார்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் சிகிச்சையைப் பேசுவது வீண். ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவை பாதிக்கப்பட்டிருந்தால் அது ஆபத்தான வகை; அங்கே காத்திருப்பு என்ற தெரிவே கிடையாது.

ஒரே எலும்பில் மட்டும் இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. திசு எடுத்த பிறகு சும்மா இருந்தாலே பல சமயங்களில் அந்த எலும்பு ஆறத் தொடங்கிவிடுகிறது. எனவே வலியில்லை, எலும்பு முறியும் அபாயமில்லை, ஆபத்தான இடத்தில் இல்லை என்ற மூன்று நிபந்தனைகளும் பொருந்தினால் காத்திருந்து கவனிப்பதே முதல் தெரிவாக இருக்க வேண்டும். இது பெற்றோருக்கு ஏற்கக் கடினமான தெரிவு. ‘கட்டி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கச் சொல்கிறார்களே’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். மருத்துவமனை மாற்றலாமா என்ற பேச்சும் எழும். மருத்துவர் காத்திருக்கச் சொல்வதில் அலட்சியம் இல்லை. சில வாரங்கள், பிறகு சில மாதங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்து எலும்பு நிரம்புகிறதா என்று பார்ப்பதும், தாகத்தையும் வளர்ச்சியையும் கவனிப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

சுரண்டி எடுக்கும் முறை இரண்டாவது. 2 செ.மீ.க்குக் குறைந்த புண்ணாக இருந்தால் திசு எடுக்கும் நேரத்திலேயே முழுவதையும் சுரண்டிவிடலாம். 2 முதல் 5 செ.மீ. வரை என்றால் ஒரு பகுதியைச் சுரண்டினால் போதும்; 5 செ.மீ.க்கு மேல் என்றால் திசு மட்டும் எடுத்து விட்டுவிடுவதே பொதுவான வழிகாட்டுதல். பெரிய எலும்புப் பகுதியை வெட்டி அகற்றுவது தேவையற்றது மட்டுமல்ல, எலும்பு மீண்டும் உருவாவதையும் தாமதப்படுத்துகிறது. புண்ணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது இன்னொரு வழி. வலி நீடிக்கும்போதும், கத்தி வைக்க வசதியில்லாத இடத்திலும் அது பொருத்தமானது. கதிர்வீச்சு ஒரு காலத்தில் அதிகம் பயன்பட்டது. வளரும் குழந்தைக்கு அதைக் கடைசி வழியாகவே வைக்க வேண்டும். முதுகெலும்பு நசுங்கியிருந்தால்கூட, தண்டுவடம் அழுந்தாதவரை, கட்டுப் போட்டுக் காத்திருந்தால் வளரும் வயதில் அந்த எலும்பின் உயரம் ஓரளவு மீள்கிறது. ஆகவே முதுகில் அறுவை என்று யாராவது உடனே சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நியாயமே.

பல எலும்புகளிலோ பல உறுப்புகளிலோ நோய் இருந்தால் வின்பிளாஸ்டின் ஊசியும் பிரெட்னிசலோன் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சை தரப்படுகிறது. இதில் பெற்றோர் கேட்கும் கேள்வி, ஆறு மாதத்தில் நிறுத்தலாமா, பன்னிரண்டு மாதம் போக வேண்டுமா என்பது. முக்கிய உறுப்புகள் தப்பிய, ஆனால் பல இடங்களில் நோயுள்ள குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குள் நோய் திரும்புவது ஆறு மாதச் சிகிச்சையில் 54 சதவீதமாகவும், பன்னிரண்டு மாதச் சிகிச்சையில் 37 சதவீதமாகவும் இருந்தது. நீண்ட சிகிச்சையின் பயன் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதற்கு வாராவாரமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ ஊசிக்கு வந்து போக வேண்டும். பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டைக்கு அப்பாலிருந்தோ வரும் கூலித் தொழிலாளிக் குடும்பத்துக்கு, ஒவ்வொரு ஊசியும் ஒரு நாள் கூலி இழப்பு, பேருந்துச் செலவு, வீட்டில் மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவது என்ற கணக்கில்தான் வரும். எனவே மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் புகழைவிட, பன்னிரண்டு மாதமும் தவறாமல் போய்வர முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. முதல் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, எலும்பு மருத்துவரின் கருத்து ஆகியவற்றை அங்கேயே தொடங்கலாம். அதற்கு மேல் ஓசூர்ப் பக்கத்தினருக்குப் பெங்களூரின் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை பக்கம். தருமபுரி, அரூர்ப் பக்கத்தினருக்குச் சேலம் அரசு மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் தோது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், போகும் மருத்துவமனை அத்திட்டத்தில் சேர்ந்ததா, இந்த நோய்க்கு அது பொருந்துமா என்பதை முதல் நாளே காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும்; மாநில எல்லையைத் தாண்டும்போது இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

பெரியவர்களைப் பற்றி ஒரே வாக்கியம் போதும்: பீடியோ சிகரெட்டோ புகைப்பவருக்கு இந்நோய் நுரையீரலில் வரும்போது, புகையை நிறுத்துவதற்கு ஈடான மருந்து இல்லை, பலருக்கு அதுவே நோயைத் தணிக்கிறது.

பூனைக்கு வரும் நோய்

பூனையில் இது ஒவ்வாமையின் விளைவாகத் தோலிலும் வாயிலும் வரும் மூன்று வகைப் புண்களின் தொகுதி. மேலுதட்டில், கீழ்க் கோரைப்பல் படும் இடத்தில், வலியோ அரிப்போ இல்லாமல் குழிந்து வரும் புண் ஒன்று. அடிவயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் சிவந்து கசிந்து, பூனை ஓயாமல் நக்கும் அளவுக்கு அரிக்கும் தடிப்பு மற்றொன்று. தொடையின் பின்பக்கம் கோடுபோல் நீளும் கட்டி, தாடை தடித்து உதடு பிதுங்கியதுபோல் தோன்றுவது, நாக்கிலும் அண்ணத்திலும் மஞ்சள் நிறப் புள்ளிகளோடு வரும் கட்டி ஆகியவை மூன்றாவது வகை. பெயருக்குரிய கிரானுலோமா இதுதான். ஓராண்டுக்கும் குறைந்த குட்டிகளுக்கு வரும் இந்தக் கட்டிகள் சில மாதங்களில் தாமாகவே மறைவதும் உண்டு என்பதால், குட்டி சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால் பதறத் தேவையில்லை.

காரணங்களில் முதலிடம் தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கு வரும் ஒவ்வாமைக்கு. அடுத்து கொசுக்கடி, உணவு, சுற்றுப்புறத் தூசு. வளர்ப்பவர் செய்யும் பொதுவான தவறு, பூனையின் உடலில் பூச்சி ஏதும் தெரியவில்லை என்று சொல்லி அந்தக் காரணத்தைத் தள்ளிவிடுவது. பூனை நக்கியே பூச்சிகளை விழுங்கிவிடும்; ஒரு வீட்டிலுள்ள தெள்ளுப்பூச்சிகளில் ஏறக்குறைய 5 சதவீதமே பூனையின் மேல் இருக்கும், மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சாக்குக்கு அடியிலும் மண் தரையின் வெடிப்பிலும் இருக்கும்.

ஊசி வழியும் காரணம் தேடும் வழியும்

நீண்ட நாள் வேலை செய்யும் மெத்தில்பிரெட்னிசலோன் ஊசியை ஒருமுறை போட்டால் உதட்டுப் புண் கண்ணெதிரே சுருங்குகிறது. வளர்ப்பவருக்கும் மகிழ்ச்சி, மருத்துவருக்கும் நல்ல பெயர். ஆனால் காரணம் அப்படியே இருப்பதால் சில வாரங்களில் புண் திரும்புகிறது; மீண்டும் ஊசி. இப்படியே போகும்போது சில பூனைகளுக்குச் சர்க்கரை நோய் வருகிறது, உள்ளுக்குள் மறைந்திருந்த இதயக் கோளாறு வெளிப்பட்டு மூச்சுத் திணறுகிறது, தோல் மெலிந்து கிழிகிறது. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதே இதன் பெரிய குறை. புண் படர்தாமரைப் பூஞ்சையாலோ வேறு ஆழமான பூஞ்சையாலோ வந்ததாக இருந்தால், இந்த ஊசி அதை வளர்த்தே விடும்.

மாத்திரை வடிவில் பிரெட்னிசலோன் தருவது இதைவிட நல்லது. அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த முடியும். மருந்துக் கடையில் பிரெட்னிசோன் என்ற பெயரில் கிடைப்பதை மாற்றாக வாங்கக் கூடாது. பூனையின் உடல் அதைச் செயல்படும் வடிவத்துக்குச் சரியாக மாற்றுவதில்லை. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாத பூனைக்கு நல்ல மாற்று, ஆனால் பலன் தெரிய ஒரு மாதம்வரை ஆகும், விலையும் கூடுதல். எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு அதைத் தருவதை நான் ஆதரிக்கமாட்டேன். நோயெதிர்ப்பு அடங்கிய நேரத்தில் எலி இறைச்சி வழியாக டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்று வந்தால் அது பூனையின் உயிரையே எடுக்கக்கூடும். நம் ஊர்ப் பூனைகளில் எலி தின்னாதது எது?

ஆகவே நான் முன்வைக்கும் வரிசை இது. முதலில், புண்ணின் மேல் கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. செலவு குறைந்த இந்தச் சோதனையில் ஈசினோபில்களும் கிருமிகளும் தெரிந்துவிடும். கிருமி இருந்தால் மூன்று வாரம்வரை அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் தந்தாலே, குறிப்பாக வயிற்றுத் தடிப்பு, ஸ்டீராய்டு இல்லாமலே பெரிதும் வற்றிவிடுவதைப் பார்க்கலாம். கூடவே, வீட்டிலுள்ள எல்லாப் பூனை, நாய்களுக்கும் மாதந்தோறும் தெள்ளுப்பூச்சி மருந்தைக் குறைந்தது இரண்டு மாதம் தொடர்ந்து தர வேண்டும். மூக்கின் மேலும் காதிலும் பாதத்திலும் மட்டும் புண் இருந்து, தென்பெண்ணை ஓரத்திலோ ஏரிக்கரையிலோ வீடு இருந்தால், ஒரு வாரம் மாலை முதல் காலைவரை பூனையைக் கொசு நுழையாத அறையில் அடைத்துப் பார்ப்பது செலவில்லாத பரிசோதனை. இவற்றுக்கும் அடங்காமல், சாப்பிட முடியாத அளவுக்கு வாய்ப்புண் இருந்தால் மட்டும் ஸ்டீராய்டு.

உணவு மாற்றிப் பார்க்கும் சோதனையைப் பற்றி நூல்களில் எழுதியிருப்பது போல இங்கே செய்வது கடினம். இதுவரை தின்னாத ஒரே வகை இறைச்சியை எட்டு வாரம் மட்டும் தர வேண்டும். நம் பூனையோ காலையில் நம் வீட்டில் பால்சோறும், மதியம் பக்கத்து வீட்டில் கருவாட்டுத் தலையும், இரவில் களத்தில் எலியும் தின்கிறது. அடைத்து வளர்க்கும் நகரத்துப் பூனைக்கே இந்தச் சோதனை ஏற்றது.

அதேபோல, கைக்கே சிக்காத களத்துப் பூனைக்குத் தினமும் மாத்திரை என்பது காகிதத்தில் மட்டுமே நடக்கும். அத்தகைய பூனைக்கு, தெள்ளுப்பூச்சி மருந்தோடு சேர்த்து ஒருமுறை நீண்டகால ஊசி போடுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஊசியை மட்டும் மாதாமாதம் போட்டுக்கொண்டிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பட்டுப்புழு வீட்டில் பூச்சிமருந்து

இந்த இரு மாவட்டங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. தெள்ளுப்பூச்சியைக் கொல்லும் பெரும்பாலான மருந்துகள் பட்டுப்புழுவையும் கொல்லும். மிகச் சிறு அளவு மல்பெரி இலையில் ஒட்டினாலே ஒரு தொகுதிப் புழுக்கள் கூடு கட்டாமல் சாகும். எனவே வீடு முழுவதும் மருந்து தெளிக்கும் வழி, புழு வளர்ப்பவருக்குப் பொருந்தாது. பூனையின் பிடரியில் சொட்டு மருந்து விடுவதே பொருத்தம்; அதையும் புழுமனைக்கு வெகு தொலைவில் வைத்து விட வேண்டும், கையைச் சோப்பால் கழுவி உடை மாற்றிய பிறகே இலை பறிக்கப் போக வேண்டும், பூனையைப் புழுமனைக்குள் விடக் கூடாது. முட்டையிலிருந்து கூடுவரை ஒரு பயிர் 25 முதல் 28 நாள்வரை ஆகிறது. சாக்கிப் புழு (இளம்புழு) வாங்கி வளர்ப்பவர்களுக்கு இன்னும் குறைவு. கூடு அறுத்து மனையைக் கழுவிச் சுத்தம் செய்யும் இடைவெளியில் பூனைக்கு மருந்து விட்டால், மாதம் ஒருமுறை என்ற கணக்கும் பெரும்பாலும் ஒத்துவரும். தரையில் இருக்கும் முட்டைகளுக்கு மருந்தைவிட, பூனை படுக்கும் சாக்கையும் துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவதும், தினமும் மூலைமுடுக்கெல்லாம் பெருக்கிக் குப்பையை எரிப்பதும் நல்லது.

சொட்டு மருந்து வாங்கும்போது பெட்டியில் பூனைக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது உயிர் சம்பந்தப்பட்டது. நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின், பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும். கற்பூரத்தைக் கரைத்துத் தடவுவது, வேப்பெண்ணெயைப் பூசுவது ஆகிய வீட்டு வைத்தியமும் பூனைக்கு ஆகாது. அது பூசியதையெல்லாம் நக்கி விழுங்கும் பிராணி. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு கொடுப்பது நேரடியாக விஷம் கொடுப்பதற்குச் சமம்.

பூனையிடமிருந்து குழந்தைக்கு உண்மையில் வரக்கூடியவை

கிரானுலோமா வராது என்றாலும் அதன் பக்கத்தில் இருப்பவை வரலாம். தெள்ளுப்பூச்சி குழந்தையையும் கடிக்கும். காலில் வரிசையாக அரிக்கும் தடிப்புகள் தெரியும். அந்தப் பூச்சியைக் குழந்தை தவறி விழுங்கினால் நாடாப்புழு வரும். பூனையின் உருண்டைப்புழு முட்டை மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்து, மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்க்குள் போனால், புழு உள்ளுறுப்புகளில் அலைந்து ரத்தத்தில் ஈசினோபிலை உண்மையாகவே ஏற்றிவிடும். ஆகவே பூனைக்குப் புழு மருந்து கொடுப்பதும், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளி, அங்கன்வாடிகளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைக் குழந்தைக்குத் தவறாமல் கொடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். படர்தாமரையும் பூனையிடமிருந்து ஒட்டும். பூனையின் புண்ணை மருத்துவரிடம் காட்டாமல் ஊகத்தில் விடக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாய்ப்புண் உள்ள பூனைக்கு மாத்திரை கொடுக்கும்போது கடி விழுவது சாதாரணம். அப்படிக் கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று விடக் கூடாது. பூனைக்கு முன்னதாகவே ரேபிஸ் தடுப்பூசி போட்டுவைப்பது இந்த நிலையை எளிதாக்கும்.

பூனைக்கு எப்போது திசு ஆய்வு?

குழந்தைக்குச் சொன்ன விதியைப் பூனைக்கு அப்படியே பொருத்த வேண்டியதில்லை. உதட்டின் இரு பக்கமும் சமமாக வந்த இளம் பூனையின் புண்ணுக்குத் தெள்ளுப்பூச்சி ஒழிப்பை முயன்று பார்த்துக் காத்திருக்கலாம். ஆனால் வயதான பூனை, குறிப்பாக வெள்ளை மூக்கும் வெள்ளைக் காதும் உள்ளது, ஒரு பக்கம் மட்டும் அரித்துக்கொண்டே போகும் புண்ணோடு வந்தால், வெயிலால் வரும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயை நினைக்க வேண்டும். அங்கே காத்திருப்பது தவறு. இரண்டு மாதம் முறையாகச் செய்தும் அசையாத புண்ணுக்கும், மூக்கு வீங்கித் தும்மலோடு வரும் புண்ணுக்கும் திசு ஆய்வு தேவை. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் பெரும்பாலும் மாடு, ஆடுகளுக்கான வசதியே இருப்பதால், இத்தகைய பூனையை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, ஓசூர்ப் பக்கத்தினர் பெங்களூர் ஹெப்பாளில் உள்ள கால்நடைக் கல்லூரிக்கோ கொண்டுபோகலாம். போவதற்குச் சில வாரங்கள் முன்பே ஸ்டீராய்டு ஊசியை நிறுத்திவைத்திருந்தால்தான் திசுவில் நோய் சரியாகத் தெரியும். எனவே முன்பு என்ன ஊசி, எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற சீட்டை உள்ளூர் மருத்துவரிடம் எழுதி வாங்கி, பூனைக் கூடையோடு சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும்.